நான்கு விரல் ஈரம்

அந்த வீட்டில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாசலில் இருக்கும் செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி ஆபீஸ் பேச்சு உள்ளே வரக் கூடாது. சட்டம் போட்டவர் அண்ணி. வீட்டில் மொத்தமே மூன்று பேர். மூவருக்கும் ஒரே அலுவலகம். அதிலும் ஒருவர் மற்ற இருவருக்கும் இயக்குநர். இந்த லட்சணத்தில் இப்படி ஒரு வேலி போடாவிட்டால் யாருக்கும் சோறு தொண்டையில் இறங்காது என்பது அவர் கட்சி.

அதனால் அந்த வீட்டுச் சண்டைகளெல்லாம், ஒரு காலில் செருப்போடும் மறு காலில் செருப்பில்லாமலும், மாடிப்படித் திருப்பத்திலேயே நடந்து முடியும். எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்தால் மூவரும் சொல்லிவைத்தாற்போல் சிரிப்பார்கள்.

அன்று சாயங்காலமும் அப்படித்தான்.

"வரைபடத்துல எல்லாரோட கையெழுத்தும் வந்தாச்சு. உன்னோடது மட்டும் காணோம்," என்றார் அண்ணி, குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தபடி, தம்பி மனைவியிடம்.

"அங்க நான் இன்னும் குழி தோண்டல அண்ணி."

"போன வருஷம் தோண்டினியேம்மா. கையில கொப்புளம்லாம் காட்டினியே."

"அது பள்ளத்தாக்கோட வாசல்ல. உள்ள, அந்த நீலமா இருக்கற இடத்துல ஒரு குழிகூட இல்ல. பாக்காத மண்ணுக்கு நான் எப்படி ஜாமீன் நிக்கறது?"

"பாக்கறதுக்குத்தானே மேல ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு." அண்ணி நிமிர்ந்தார். "அடுத்த வாரம் குழு கூடுது. அதுக்குள்ள போட்டுடு."

சொல்லிவிட்டு ஸ்டாண்டைத் தாண்டினார். தாண்டிய காலோடு குரலும் மாறியது. "முட்டை மிச்சம் இருக்கா, இல்ல வாங்கணுமா?"

பேச்சு முடிந்தது. சட்டம் அப்படி.

அவளுக்கு அந்த அலுவலகத்தில் 'மண்ணு' என்று பெயர். வைத்தவன் அவள் புருஷன். அப்போது அவன் புருஷன் ஆகியிருக்கவில்லை. நிலத்தடி நீர் ஆய்வு மையத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் அனுப்பும் படங்களிலிருந்து எந்த நிலத்தில் எவ்வளவு ஈரம் என்று கணக்குப் போடுகிறவன் அவன். கணக்கு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க நிஜமான மண் வேண்டும் என்று ஒருநாள் அடித்தளத்துக்கு இறங்கி வந்தான். அங்கே அவள் ஒரு பெரிய அடுப்புக்கு முன்னால், டப்பா டப்பாவாக மண்ணைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். காய்வதற்கு முன் ஒரு எடை, காய்ந்த பின் ஒரு எடை. இரண்டுக்கும் நடுவில் தொலைந்துபோனதுதான் தண்ணீர்.

"மண்ணு வேணும்," என்றான்.

"கடையா நடத்தறேன்?" என்று கேட்டு, அவன் கையில் ஆகரைத் திணித்தாள். திருகாணிபோல் முறுக்கி முறுக்கி மண்ணுக்குள் இறக்கும் இரும்புக் கம்பி அது. மூன்றாவது மாடிக்காரர்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. அவன் அன்று மாலைவரை முறுக்கினான். முதல் சந்திப்பிலேயே உள்ளங்கை பழுத்துப்போனது. மறுநாளும் வந்தான். கொப்புளத்தோடு மறுநாளும் வருகிறவனை எந்தப் பெண்தான் சந்தேகப்படுவாள்? அவனுக்கு அவள் 'மேலிடம்' என்று பெயர் வைத்தாள். எதையும் மேலே இருந்தே பார்க்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

அண்ணி அவனுடைய அக்கா. அம்மா போன பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, சூத்திரத்தோட," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சூத்திரம்தான் மையத்தின் பெருமை.

விஷயம் இதுதான். செயற்கைக்கோள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பார்த்தாலும் அதன் பார்வை மண்ணில் நான்கு விரல் ஆழத்துக்கு மேல் இறங்காது. நமக்கு வேண்டிய தண்ணீரோ பத்தாள் ஆழத்துக்குக் கீழே கிடக்கிறது. நடுவில் இருக்கும் இருட்டைக் கணக்கால்தான் தாண்ட வேண்டும். மேல்மண் ஈரமாகிறது, பிறகு நாளுக்கு நாள் காய்கிறது. காய்கிற வேகத்தைப் பார்த்து, வெயில் குடித்தது இவ்வளவு, பயிர் குடித்தது இவ்வளவு, மீதி கீழே இறங்கி நிலத்தடியில் ஊறியது என்று பிரித்துச் சொல்லும் அண்ணியின் சூத்திரம். மழைமானி வேண்டாம், கிணறு கிணறாகக் கயிறு விட்டு அளக்க வேண்டாம். ஈரம் ஒன்று போதும். ஊறல் வரைபடம் என்று அதற்குப் பெயர். மேலிடம்கூட ஒருமுறை சொன்னான்: "ஊறல் ஆபீஸ்னு சொன்னா ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பாக்கறார். சாராயம் காய்ச்சற எடம்னு நெனைச்சுட்டார் போல."

அந்த வருடத்து வரைபடத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க வெளிறிக் கிடக்க, ஒரு பள்ளத்தாக்கு மட்டும் கருநீலமாக ஜொலித்தது. அங்கே தண்ணீர் கொட்டோகொட்டென்று கீழே இறங்குகிறது என்று அர்த்தம். கிணறுகளுக்கு அனுமதி தரும் அரசுக் குழு அதை ஏற்றுக்கொண்டால், பள்ளத்தாக்கில் புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்கு இருக்கும் தடை விலகும். தோண்டக் காத்திருந்தவர்கள் இயந்திரத்தை லாரியில் ஏற்றியே நிறுத்தியிருப்பதாகப் பேச்சு. அதே பள்ளத்தாக்கின் அடிவாரக் கிணறுகளிலிருந்துதான் ஊருக்கே குடிதண்ணீர் வருகிறது.

வரைபடம் வெளியே போக மூன்று கையெழுத்து வேண்டும். மேலே பார்த்தவர், கணக்குப் போட்டவர், மண்ணைத் தொட்டவர். தொடாமல் அவள் எப்படிப் போடுவாள்?

மறுநாள் யாரிடமும் கேட்காமல் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள்.

வானத்தில் துடைத்து வைத்த மாதிரி ஒரு மேகம் இல்லை. மழை பெய்து மாதக்கணக்காகிறது. ஆனால் பள்ளத்தாக்குக்குள் ஜீப்பை விட்டு இறங்கியதும் காலணி புதைந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. பச்சைக்கு மேலே தெளிப்பான்கள் சடசடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று சுற்றும் வேகத்தில் அவள் தோளையும் நனைத்துவிட்டுப் போனது.

ஆகரை ஊன்றினாள். முதலில் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல் இறங்கியது. ஒரு சாண் போனதும் முரண்டு பிடித்தது. முழங்கை ஆழத்தில் கிறீச்சிட்டது. இழுத்துப் பார்த்தாள். கம்பியின் மேல்பாதியில் கறுத்துக் குழைந்த மண். கீழ்ப்பாதியில் ஊதினால் பறக்கும் மாவு. பக்கத்து வயலில் ஒன்று, மேட்டில் ஒன்று, ஓடைக்கரையில் ஒன்று என்று தோண்டிக்கொண்டே போனாள். எல்லா இடத்திலும் அதே கதை. மேலே ஈரம், கீழே எலும்பு.

நான்காவது குழியிலோ ஐந்தாவது குழியிலோ குனிந்திருந்தபோது அது நடந்தது. சத்தம் நின்றது. ஒரு வயலில் அல்ல. பள்ளத்தாக்கை நடுவில் பிரிக்கும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த எல்லா வயலிலும், ஒரே நொடியில், எல்லாத் தெளிப்பான்களும் கையைத் தொங்கப்போட்டன. காதில் ஈ பறக்கும் ஒலி கேட்டது. அடுத்த மூச்சில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மோட்டார்கள் ஒவ்வொன்றாக உறுமி எழுந்தன. அங்கே தண்ணீர் விசிறியாய் விரிந்தது.

குழாய்களைச் சுருட்ட வந்த ஒரு பெண்மணி இவளைப் பார்த்து, "இனிமே நமக்கு அடுத்த வாரம்தான். இந்த வாரம் அவங்களுக்குக் கரண்ட்," என்றாள், என்னவோ இவளும் அங்கே நிலம் வைத்திருக்கிற மாதிரி.

அவள் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இங்கே சட்டியிலிருந்து அகப்பையால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றுகிறார்கள். ஊற்றிய ஈரத்தை மேலே இருந்து பார்த்துவிட்டு, ஆகா, சட்டி நிரம்புகிறது என்று கணக்கு எழுதியிருக்கிறது சூத்திரம். எங்கே அதிகமாக உறிஞ்சுகிறார்களோ அங்கே அதிக நீலம்.

அன்று மாலை மாடிப்படித் திருப்பத்தில் அவனை மறித்தாள்.

"மேலிடம், ஒரு நிமிஷம். செருப்பைக் கழட்டாதீங்க."

அவன் கழற்றிய ஒன்றைத் திரும்ப மாட்டிக்கொண்டு நின்றான். அவள் சொல்லச் சொல்ல முகம் மாறியது. முதலில் சிரித்தான், பிறகு மூக்கைச் சொறிந்தான், பிறகு சுவரைப் பார்த்தான்.

"ஆறு வருஷ வேலை மண்ணு இது," என்றான் கடைசியில்.

"தெரியும். அதுக்காகக் கீழ தண்ணி வந்துடுமா?"

"ஒரு குழி, ரெண்டு குழி காஞ்சிருக்கலாம்."

"சரி. நான் சொல்றத நம்ப வேணாம். நீங்க மாசத்துக்கு ஒரு படம்தானே போடறீங்க? வாரத்துக்கு ஒண்ணா போட்டுக் காட்டுங்க."

"வாரப் படம் ஒரே இரைச்சலா இருக்கும். புள்ளி புள்ளியா ஆடும். அதனாலதான் நாலு வாரத்தையும் கூட்டி சராசரி எடுக்கறோம். அப்பதான் படம் சுத்தமா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது. ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அழகான, அமைதியான நீலம்.

"துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கீங்க," என்றாள். "குற்றம் நடந்த வீட்டை முதல்ல வேலைக்காரங்க வந்து கழுவிட்ட மாதிரி."

அவன் உள்ளே வரவில்லை. அப்படியே படியிறங்கி அலுவலகத்துக்குத் திரும்பிப் போனான். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவன் ஸ்டாண்டைத் தாண்டுவதற்கு முன் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். பள்ளத்தாக்கின் படம். வாரம் மாற மாற நீலம் ரோட்டுக்குக் கிழக்கே, மேற்கே, மறுபடி கிழக்கே என்று சீசாப் பலகைபோல் ஏறி இறங்கியது. நடுவில் ரோடு, அளவுகோல் வைத்துக் கிழித்த கோடாக.

"மழை எப்பவாவது ரோட்டைத் தாண்டாமப் பெய்யுமா?" என்றாள்.

"பெய்யாது," என்றான். சாப்பிடும்போது அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மறுநாள் காலையில் அவள் இயக்குநர் அறைக்குப் போனாள். அண்ணி முழுவதையும் கேட்டார். இடையில் குறுக்கிடவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாய்ச்சின தண்ணியிலயும் கொஞ்சம் கீழ இறங்கத்தானே செய்யும்?"

"கொஞ்சம் இறங்கும் மேடம். ஆனா அது அங்கேருந்து எடுத்த தண்ணி. எடுத்ததுல பாதிகூடத் திரும்பிப் போகல. முழங்கை ஆழத்துல மண்ணு மாவு மாதிரி இருக்கு."

"ஒரு குறிப்பு சேத்துடலாம். பாசன நிலங்களில் கவனம் தேவைன்னு."

"குறிப்பை யாரும் படிக்க மாட்டாங்க. நீலத்தைத்தான் பாப்பாங்க."

அண்ணி எழுந்து ஜன்னலருகே போனார். கீழே அலுவலகத்து வண்டிகள் நின்றன. "இந்த வரைபடம் போகலைன்னா அடுத்த வருஷம் மூணாவது மாடி இருக்காது. படம் வாங்கவே அனுமதி கிடைக்காது. அங்க உக்காந்திருக்கறவங்க எல்லாரும் தெருவுக்கு வரணும். உன் புருஷனும் சேத்துத்தான். யோசிச்சியா?"

"யோசிச்சேன். தூக்கம் வரல."

"அப்புறம்?"

"தூங்காமயே வந்து சொல்றேன். போட மாட்டேன்."

"நீ போடலைன்னா வேற ஒருத்தர் போடுவாங்க."

"போடட்டும். அவங்க எந்தக் குழியைப் பாத்தாங்கன்னு நான் கேப்பேன். எல்லார் முன்னாடியும் கேப்பேன்."

அண்ணி திரும்பினார். அந்த முகத்தை அவள் வீட்டிலும் பார்த்ததில்லை, அலுவலகத்திலும் பார்த்ததில்லை. "அவனை என் கையால சோறு ஊட்டி வளத்தேன். நீ வந்த அன்னிக்கு என் ரூமை உங்களுக்கு விட்டுட்டு ஹால்ல படுத்தேன். அதுக்கெல்லாம்..."

"மேடம்." அவள் இடைமறித்தாள். "இது ஆபீஸ். வீட்டுப் பேச்சு இங்க வேணாம். சட்டம் ரெண்டு பக்கத்துக்கும்தானே?"

அந்த வாரம் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதைப் போல் கொடுமை வேறில்லை. தேநீர் வந்தது, துணி மடித்து வைக்கப்பட்டது, "உப்பு எடு" என்றால் உப்பு வந்தது. சட்டத்தை மூவரும் அவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றியதில்லை. சுவர்க்கடிகாரம்கூடப் பயந்து பயந்து அடிப்பதுபோல் இருந்தது.

"வேணும்னா கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வா," என்றான் அவன் ஒருநாள், சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே.

"எதுக்கு?"

"அக்காவுக்குக் கொஞ்சம் ஆறட்டும்."

"நான் போக மாட்டேன். இதே வீட்ல இருப்பேன், இதே மேஜைல சாப்பிடுவேன், அண்ணிக்குக் காலைல டீ போட்டுத் தருவேன், ஆபீஸ்ல போய் இல்லைன்னு சொல்வேன். எனக்கு ரெண்டுமே வேணும். ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணுன்னு யார் சொன்னது?" துடைத்த தட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "அது இருக்கட்டும். நீங்க எந்தப் பக்கம்?"

"நான் போட்ட கையெழுத்து அதுல இருக்கு மண்ணு."

"அதைத்தான் கேக்கறேன்."

அவன் துடைத்த தம்ளரையே மறுபடி துடைத்தான்.

குழுக் கூட்டத்துக்கு அவளை அழைக்கவில்லை. அவள் போனாள். நீள மேஜை, கண்ணாடிக் குவளைகள், பிஸ்கட் தட்டு. மேஜையின் தலைமாட்டில் குழுத் தலைவர். பேசுகிறவரைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கமுள்ளவர். அண்ணி திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். கணினியில் படங்களை மாற்றிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன். திரையில் பள்ளத்தாக்கு கருநீலமாக மின்னியது.

அவள் நேரே போய்த் தலைவர் முன்னால் இரண்டு டப்பாக்களை வைத்து மூடியைத் திறந்தாள்.

"யாரும்மா நீங்க?"

அண்ணி சொல்லியிருக்கலாம், வெளியே போகச் சொல்லுங்கள் என்று. ஒரு கணம் உதடுகூட அசைந்தது. பிறகு, "எங்க மண் ஆய்வாளர்," என்றார்.

"ஐயா, விரலை வச்சுப் பாருங்க," என்றாள். "ரெண்டும் ஒரே குழி. இது நாலு விரல் ஆழம். இது முழங்கை ஆழம். போன வாரம் எடுத்தது, காயாம மூடியே வச்சிருந்தேன்."

தலைவர் விரல் வைத்தார். ஒரு விரல் சேறானது. மறு விரல் மாவானது. கைக்குட்டையைத் தேடினார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"நீங்க தடையை எடுக்கப்போறது தண்ணி இறங்கற எடத்துல இல்ல. தண்ணி உறிஞ்சற எடத்துல. நான் கையெழுத்துப் போடல, போடவும் மாட்டேன்."

"ஒருத்தர் போடலைன்னா என்ன? மத்த ரெண்டு இருக்கே."

"ஒண்ணுதான் இருக்கு," என்றது ஒரு குரல். மேலிடம் எழுந்து நின்றிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. "என்னோடதை நான் திரும்ப எடுத்துக்கறேன். வாரப் படத்தைக் காட்டறேன், பாருங்க." அக்காவின் பக்கம் திரும்பாமலே பொத்தானை அழுத்தினான். திரையில் நீலம் கிழக்கே சாய்ந்தது. மேற்கே சாய்ந்தது. மறுபடி கிழக்கே. யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தலைவர் எழுந்து, "மேடம், நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க," என்றார்.

கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் அவள் அவன் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள்.

"என்ன பாக்கற?"

"கொப்புளம் இருந்த எடம். தழும்புகூட இல்ல."

"ஆறிப்போச்சு. புதுசா வேணும்னா சொல்லு," என்றான்.

சிரிக்க வேண்டும் என்று இருவருக்கும் இருந்தது. அக்காவை நினைத்துக்கொண்டார்கள், சிரிப்பு வரவில்லை.

அண்ணி வந்தபோது மேஜையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. செருப்பு வார் அவிழும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. அண்ணி செருப்புக் காலோடு ஸ்டாண்டைத் தாண்டி வந்தார். தட்டுகளைப் புறங்கையால் ஒதுக்கினார். தோள்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தார்.

"அண்ணி, செருப்பு..."

"கிடக்கட்டும்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க ரெண்டு பேர் மேலயும் கோவம் போகல. சீக்கிரம் போகும்னு எதிர்பாக்காதீங்க."

இருவரும் தலையசைத்தார்கள்.

"அந்த மனுஷன் என்னைத் தனியா உக்கார வச்சு என்ன சொன்னார் தெரியுமா? அந்த மண்ணுக்காரப் பொண்ணை வேற எடத்துக்கு மாத்திடுங்க, தம்பியைக் கொஞ்சம் தட்டி வைங்க, பழைய படத்தையே நீங்க ஒரே கையெழுத்துல குடுங்க, நாங்க பாத்துக்கறோம்னார். மூணாவது மாடி அப்படியே இருக்கும்னார். இன்னொரு மாடிகூடக் கட்டித் தரேன்னார்." அண்ணி தண்ணீர்க் குவளையை எடுத்தவர், குடிக்காமல் அதைப் பார்த்தார். "என் சூத்திரம் தப்பா இருக்கலாம். தப்புதான். மழையைக் கேக்காம ஈரத்தை நம்பினது என் திமிர். ஆனா அது என் புள்ளை மாதிரி. அதை இழுத்துட்டுப் போய் எவன் வீட்டு ஜன்னலுக்கும் திரைச்சீலையா கட்ட விட மாட்டேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றான் தம்பி மெல்ல.

"எழுந்து வந்துட்டேன். பதில் சொன்னா மரியாதையா இருந்திருக்காது."

கணினியைத் திறந்தார். வாரப் படங்கள் வரிசையாக வந்தன. அவர் விரல் திரையில் ரோட்டின் மேல் நின்றது.

"அந்தப் பள்ளத்தாக்குல ஒரு மோட்டாருக்கும் மீட்டர் கிடையாது. எவ்வளவு தண்ணி எடுக்கறாங்கன்னு இதுவரைக்கும் யாராலயும் சொல்ல முடியல. அளக்கப் போனவங்களை உள்ளயே விடல. இப்ப இதைப் பாருங்க. மழையே இல்லாத வாரத்துல ஒரு வயல் நனையுதுன்னா அது எங்கேருந்து வந்த தண்ணி? நீங்க இரைச்சல்னு துடைச்சுப் போட்டீங்களே, அதுக்குள்ள இருக்கு கணக்கு. எது ஊறுதுன்னு இந்தப் படம் பொய் சொல்லிச்சு. எது போகுதுன்னு உண்மையைச் சொல்லுது."

குழிக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் இது அவளுக்குத் தோன்றவில்லை. பொய் என்று கண்டுபிடித்ததோடு அவள் நின்றுவிட்டாள். அண்ணி நிற்கவில்லை.

"தம்பி, அந்த நீலத்தை எடுத்துட்டு சிவப்பு போடு. மேல எழுது, எடுக்கப்பட்ட நீர்னு."

"அக்கா, இதை வெளிய விட்டா தோண்டக் காத்திருக்கறவங்க எல்லாரும் நம்ம மேலதான் பாய்வாங்க. குழு நம்மளைச் சும்மா விடாது. மாடி நிச்சயமாப் போயிடும்."

"போகட்டும். மேஜை இருக்குல்ல?" மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். சோற்றுக் கரண்டி குதித்தது. பிறகு முதல் முறையாக அவள் பக்கம் திரும்பினார். பார்வை இன்னும் முறைப்பாகத்தான் இருந்தது. "ஆனா மேலேருந்து பாத்ததை மட்டும் வச்சுக்கிட்டு இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன். குழி வேணும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும். எத்தனை?"

"நிறைய வேணும் அண்ணி. ரெண்டு முறை கரண்ட் மாறற வரைக்கும் தொடர்ந்து எடுக்கணும்."

"உள்ள விடுவாங்களா?"

"போன தடவை யாரையும் கேட்டுட்டுப் போகலையே."

அண்ணியின் வாயோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. "எனக்கு அந்தக் கம்பியைப் பிடிக்கத் தெரியாது. சொல்லித் தருவியா, இல்ல அதுக்கும் முடியாதுன்னு சொல்வியா?"

"உங்க தம்பிக்கே சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றாள் அவள். "காலைல சீக்கிரம் கிளம்பணும். இந்தச் செருப்பு ஆகாது. சேறு."

"தெரியுது," என்று அண்ணி குனிந்து, மேஜைக்கு அடியிலேயே வாரை அவிழ்த்தார். அவிழ்த்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஸ்டாண்டில் வைக்கவில்லை. அங்கேயே, நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில், விட்டுவிட்டு, ஆறிப்போன சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டுக்கிட்டே சொல்லு. முதல் குழி எங்க?"